அவரவர் பாட்டு: மனம் நொந்த நேரத்தில் இசையைக் கைக்கொள்வது எப்படி?

நாள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தை இன்குபேட்டருக்குள் கிடக்கிறது. மூக்கில் குழாய், காலில் ஒயர், தலைமாட்டில் விட்டுவிட்டு அலறும் மானிட்டர். வெளியே நிற்கும் தாய்க்குத் தன் பிள்ளையைத் தொடக்கூடப் பயம். நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையைச் சேர்ந்த இசைச் சிகிச்சையாளர் ஜோயன் லோவியின் குழுவினர், இப்படி நிற்கும் பெற்றோரிடம் ஒரு பாட்டைக் கேட்டு வாங்கினார்கள். உங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான பாட்டு எது என்பதுதான் கேள்வி.

அது தாலாட்டாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரேடியோவில் கேட்டதோ, தேவாலயத்தில் பாடியதோ, எதுவானாலும் சரி. அதன் வேகத்தைக் குறைத்து, தாலாட்டின் அசைவுக்குக் கொண்டுவந்து, குழந்தையின் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பாடச் செய்தார்கள். 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவுகள் 2013-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளிவந்தன. பாட்டோடு, கருப்பைக்குள் கேட்கும் இரைச்சலைப்போல் ஒலிக்கும் ஒரு கருவியையும், இதயத் துடிப்பைப்போல் தட்டும் ஒரு மரப்பெட்டியையும் பயன்படுத்தினார்கள். மூன்றுமே குழந்தைகளின் இதயத் துடிப்பை நிதானப்படுத்தின. கருப்பை இரைச்சல் தூக்கத்துக்கு உதவியது. பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டுக்குத் தனியாக இன்னொரு பலன் இருந்தது: குழந்தைகள் நன்றாகப் பால் குடித்தன, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது.

உங்கள் பாட்டு எது? இந்த அத்தியாயத்தில் இனி வரும் யோசனைகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவைதான். மனதுக்கு மருந்தாக இசையைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு கேள்வியோடு தொடங்குகிறார்கள்: எந்த ராகம் நல்லது, எந்த சிடி வாங்கலாம், யூடியூபில் எது அதிகம் பேர் கேட்டது. முதலில் நோக்கவேண்டிய இடம் கேட்பவரின் வாழ்க்கை.

மெய்சிலிர்ப்பின் கணக்கு

கனடாவின் மொன்ட்ரியல் நகரில் 2011-இல் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. கேட்டால் உடம்பு சிலிர்க்கும் இசையைக் கொண்டுவரும்படி பங்கேற்பாளர்களிடம் சொன்னார்கள். அதை ஒலிக்கவிட்டு மூளையைப் படம் பிடித்தார்கள். பசித்தவருக்குச் சோறு கிடைக்கும்போது சுரக்கும் அதே டோபமைன் அங்கேயும் சுரந்தது. அதுவும் இரண்டு கட்டமாக. சிலிர்ப்பு வரப்போகிறது என்று காத்திருக்கும் சில நொடிகளில் மூளையின் ஒரு பகுதியிலும், சிலிர்ப்பு வந்த நொடியில் இன்னொரு பகுதியிலும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்துக்காக மனம் முன்கூட்டியே ஏங்கி நிற்குமே, அந்த ஏக்கத்துக்கும் மூளையில் ஓர் இடம் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒருவர் கொண்டுவந்த இசையை இன்னொருவருக்கும் போட்டுக்காட்டினார்கள். முதலாமவரைச் சிலிர்க்க வைத்தது இரண்டாமவரை அசைக்கவில்லை.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஓர் அட்டவணை உலவுகிறது. ரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவி, தூக்கத்துக்கு நீலாம்பரி, இன்னின்ன நோய்க்கு இன்னின்ன ராகம் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றிவரும் அட்டவணை அது. இதற்குப் பின்னால் பழைய நம்பிக்கை உண்டு. முத்துசுவாமி தீட்சிதர், தம் சீடர் சுத்தமத்தளம் தம்பியப்பனின் வயிற்று வலி தீர அடாணா ராகத்தில் குரு பகவானைப் பற்றிய கீர்த்தனையைப் பாடிக் கொடுத்தார் என்பது திருவாரூர் மண்ணில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தக் கதையில் குருவின் பரிவும் சீடரின் பக்தியும் இருக்கின்றன. ஆனால் அதை வைத்துக்கொண்டு, அடாணா எல்லார் வயிற்றையும் சரிசெய்யும் என்று எழுதுவது பொறுப்பற்ற வேலை. ஒரு ராகம் ஒரு நோயைக் குணமாக்கும் என்று நிறுவும் வலுவான சான்று இல்லை. நீலாம்பரியில் அமைந்த தாலாட்டைத் தொட்டிலில் கேட்டு வளர்ந்தவருக்கு நீலாம்பரி தூக்கம் தரலாம். பறையும் தெம்மாங்கும் கேட்டு வளர்ந்தவருக்கு வேறொன்று தேவைப்படும். அதில் தாழ்வு எதுவும் இல்லை.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் டெப்போ சார்காமோவும் சக ஆய்வாளர்களும் பக்கவாதம் வந்த 60 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் உண்டு. அதோடு ஒரு பிரிவினர் தமக்குப் பிடித்த பாட்டை இரண்டு மாதம், நாளுக்கு ஒரு மணி நேரமாவது கேட்கவேண்டும். இன்னொரு பிரிவினருக்கு ஒலிப்புத்தகம். மூன்றாவது பிரிவினருக்கு எதுவும் தரவில்லை. மூன்று மாத முடிவில் சொற்களை நினைவில் வைக்கும் திறன் பாட்டுக் கேட்டவர்களிடம் 60 சதவீதம் மேம்பட்டிருந்தது. ஒலிப்புத்தகம் கேட்டவர்களிடம் 18 சதவீதம், எதுவும் கேட்காதவர்களிடம் 29 சதவீதம். பாட்டுக் கேட்டவர்களிடம் மனச்சோர்வும் குழப்பமும் குறைவாகவே இருந்தன. இது 2008-இல் 'பிரைன்' இதழில் வந்தது. அவர்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவை சாதாரணமான, வார்த்தைகள் உள்ள ஜனரஞ்சகப் பாடல்கள். சிகிச்சைக்கென்று யாரும் தனியாக இசையமைத்துத் தரவில்லை.

தூளி ஆட்டும் தாயின் உத்தி

மனம் இருண்டு கிடக்கும்போது உற்சாகமான குத்துப் பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். நல்ல எண்ணத்தோடு நண்பர்கள் செய்யும் தவறு இது. 1940-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எலாய்ஸ் மருத்துவமனையின் மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் இதைக் கவனித்தார். நோயாளியின் மனநிலைக்கு ஒத்த இசையிலிருந்து தொடங்கி, படிப்படியாக அதை மாற்றிக்கொண்டு போனால் மனமும் கூடவே நகர்கிறது என்று கண்டார். இசைச் சிகிச்சையில் இன்றும் கையாளப்படும் முறை இது.

தமிழ்த் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. வீறிட்டு அழும் பிள்ளையைத் தூளியில் போட்டதும் அவர்கள் முதலில் வேகமாகத்தான் ஆட்டுவார்கள். குரலும் ஓங்கித்தான் இருக்கும். அழுகை தணியத் தணிய ஆட்டமும் குறையும், பாட்டும் இழுக்கும், கடைசியில் வெறும் முனகலாகி நின்றுபோகும். பெரியவர்களின் மனதுக்கும் இதே உத்திதான்.

இதை வீட்டில் செய்துபார்க்க ஐந்தாறு பாடல்கள் போதும். மொத்தம் 25 நிமிடத்துக்குள் அடங்கவேண்டும். முதல் இரண்டு பாடல்கள் இப்போதைய மனநிலையோடு ஒத்திருக்கவேண்டும். கோபமாக இருந்தால் முறுக்கேறிய தாளம், துக்கமாக இருந்தால் சோகப் பாட்டு. நடுவில் வருபவை கொஞ்சம் தளர்வாக, மெட்டில் அகலம் உள்ளவையாக இருக்கட்டும். கடைசிப் பாட்டு, போய்ச்சேர விரும்பும் மனநிலையைக் கொண்டதாக இருக்கவேண்டும். தூக்கம் வேண்டுமென்றால் விளம்ப காலத்தில் போகும் வீணையோ புல்லாங்குழலோ நன்றாக இருக்கும். வேலைக்குக் கிளம்பும் தெம்பு வேண்டுமென்றால் கால் தானாகத் தாளம் போடும் பாட்டு ஏதாவது. வரிசையை மனம் தெளிவாக இருக்கும் நாளிலேயே தயார் செய்துவைப்பது நல்லது. சோர்ந்து கிடப்பவருக்குத் தேடி எடுக்கும் பொறுமை இருக்காது. பாடல்களைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ளவேண்டும். மனம் கரையத் தொடங்கும் நேரத்தில் நடுவில் ஒரு விளம்பரம் கத்தினால் எல்லாம் பாழ். ஆட்டோபிளேயையும் அணைத்துவிடவேண்டும். அடுத்த பாட்டு எது என்பதைச் செயலி தீர்மானிக்கக் கூடாது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் இரண்டு நிமிடம் எதையும் போடாமல் இருக்கவேண்டும். இது சடங்குக்காகச் சொல்வதல்ல. இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியின் குழு 2006-இல் 24 பேரை ஆறு வகை இசையைக் கேட்கவைத்து மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அளந்தது. அந்த ஆறில் சிதார் இசையும் ஒன்று. வேகம் கூடினால் மூச்சும் துடிப்பும் கூடின. மெதுவான இசையில் குறைந்தன. அதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, இடையில் விடப்பட்ட இரண்டு நிமிட மௌனத்தில் நடந்தது. இசை தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடவும் உடல் அதிகம் தளர்ந்தது அந்த மௌனத்தில்தான்.

சோகப் பாட்டு கூடுமா, கூடாதா?

பிரிவில் வாடுகிறவர் சோகப் பாட்டாகவே கேட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் உள்ளவர்கள் பயந்துபோகிறார்கள். அந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு.

பெர்லினிலிருந்து லீலா டாருஃபி, ஷ்டெஃபான் கோல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் 772 பேரிடம் விசாரித்தார்கள். சோக இசை கேட்கும்போது அதிகம் பேருக்குள் எழுந்த உணர்வு, சோகம் என்று நாம் நினைப்போம். அதைவிட அதிகமாக எழுந்தது பழைய நினைவின் இதமான ஏக்கம். துன்பத்தைப் புரிந்துகொண்ட ஒரு குரல் பக்கத்தில் இருப்பதுபோன்ற ஆறுதலைப் பலர் அதில் காண்கிறார்கள். ஆகவே சோகப் பாட்டைப் பிடுங்கி அணைப்பது தேவையில்லாதது.

ஆனால் நடந்ததையே திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப்பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, இரவு முழுக்க ஹெட்போனில் கேட்கும் அதே சோகப் பாட்டு காயத்தைக் கிளறிக்கொண்டே இருக்கும். இதை அடையாளம் காண எளிய வழி உண்டு. நான்கு பாட்டுக் கேட்டபின் தோள் இறங்கியிருக்கிறதா, தாடை தளர்ந்திருக்கிறதா, கொஞ்சம் அழுது மூச்சு சீராகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்படியானால் பாட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. 'நான் ஏன் அப்படிச் செய்தேன்' என்ற ஒரே வாக்கியம் முன்பு ஓடியதைவிட வேகமாக உள்ளே ஓடுகிறதென்றால், அன்றைக்கு அதை நிறுத்திவிட்டு எழுந்து நடக்கவேண்டும், அல்லது யாரிடமாவது பேசவேண்டும்.

ஒப்பாரியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியாது. சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் கூடச் சேர்ந்து பாடுவார்கள். இறந்தவரின் பெருமை, இருந்தபோது பட்ட குறை, இனி யார் கேட்பார்கள் என்ற திகில் எல்லாம் அதற்குள் வரும். பக்கத்து வீட்டுக்காரி தன் தாயை நினைத்தும் அதே பாட்டில் அழுதுகொள்வாள். துக்கத்துக்கு வார்த்தை, மெட்டு, உடம்பசைவு, கூட்டம் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் தந்த கலை அது. தனியறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அழுகிறவருக்கு இவற்றில் மெட்டும் வார்த்தையும் கிடைக்கின்றன. தோளில் விழும் கை கிடைப்பதில்லை. நகரங்களில் ஒப்பாரியை அநாகரிகம் என்று ஒதுக்கிவிட்டோம். அது பெரிய இழப்பு. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாத வீட்டில்கூட, பதினாறாம் நாளன்று உறவினர்கள் கூடியிருக்கும்போது, போனவருக்குப் பிடித்த நாலு பாட்டை எல்லாரும் சேர்ந்து பாடலாம். குரல் உடையும், பாட்டு நிற்கும். பரவாயில்லை.

கேட்பவர் பாடுபவராகும்போது

ஃபின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோய் உள்ள 79 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை தரப்பட்டது. ஒரு பிரிவினர் மட்டும் கூடுதலாக, பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோடு 20 முறை உட்கார்ந்து மத்தளம்போன்ற கருவிகளை மனம்போனபடி வாசித்தார்கள். இசை தெரிந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. வாசித்தபின் அதைப் பற்றிப் பேசினார்கள். மூன்று மாத முடிவில் இவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. ஆறாவது மாதத்தில் பார்த்தபோது இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. இசையின் பலன் அதைத் தொடர்ந்து செய்கிறவரிடம் தங்குகிறது. பத்து நாள் செய்துவிட்டு விட்டால் கரைந்துபோகிறது.

லண்டனில் டெய்சி ஃபேன்கோர்ட், ரோஸி பெர்கின்ஸ் இருவரும் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 134 தாய்மார்களிடம் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு பிரிவினர் கைக்குழந்தைகளோடு வந்து வாரம் ஒருமுறை, பத்து வாரம், கூடிப் பாடினார்கள். இன்னொரு பிரிவினர் கூடி விளையாட்டுகளில் ஈடுபட்டார்கள். அறிகுறிகள் கடுமையாக இருந்தவர்களில், பாடிய தாய்மார்கள் வேகமாகத் தேறினார்கள். வெறுமனே கூடியிருப்பதைவிடக் கூடிப் பாடுவதில் ஏதோ அதிகம் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது சென்னையிலோ கோவையிலோ அடுக்குமாடி வீட்டில், கணவர் வேலைக்குப் போனபின் மூன்று மாதக் குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணை நினைத்துப் பார்க்கவேண்டும். பாட்டியின் தாலாட்டு இருந்த இடத்தில் போன் தாலாட்டு பாடுகிறது. குழந்தை அதிலும் தூங்கிவிடும். ஆனால் பாடுவதால் தாய்க்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காமல் போகிறது. சுருதி சேராத குரலாக இருந்தாலும் அவரே பாடவேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பது, அவர்கள் செய்யக்கூடிய உதவிகளில் முக்கியமானது.

கூடிப் பாட இடம் தேடி அலையவேண்டியதில்லை. மார்கழியில் திருப்பாவை பாடும் குழு, தேவாலயத்தின் பாடகர் குழு, தெருவில் முளைப்பாரிக்குக் கும்மியடிக்கும் பெண்கள், மாலையில் பூங்காவில் பழைய பாடல் பாடும் ஓய்வுபெற்றவர்கள் என்று ஏதோ ஒன்று ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் தவறாமல் போவது, மாதம் ஒருமுறை பெரிய கச்சேரிக்குப் போவதைவிடப் பயன் தரும்.

வார்த்தை வராத வாயும், எழாத காலும்

2011 ஜனவரி 8-ஆம் தேதி அமெரிக்காவின் டூசான் நகரில், நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபோர்ட்ஸின் தலையில் குண்டு பாய்ந்தது. இடப்பக்க மூளை சேதமானதால் நினைத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. ஹியூஸ்டன் மறுவாழ்வு மருத்துவமனையில் அவருக்குத் தரப்பட்ட பயிற்சிகளில் பாடுவதும் ஒன்று. பேசும்போது கிடைக்காத வார்த்தைகள் பாட்டோடு சேர்ந்து வந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி அவர் நாடாளுமன்றத்துக்கு வந்து வாக்களித்தார். பல மாதப் பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, அறுவை சிகிச்சைகள் எல்லாம் சேர்ந்து சாதித்தது அது. இசை அவற்றில் ஒரு பங்கு.

பேச்சை மெட்டாக்கிப் பழக்கும் முறையை 1973-இல் பாஸ்டன் மருத்துவர்கள் வகுத்தார்கள். 'தண்ணி வேணும்' என்பதைத் தாழ்ந்த சுரம், உயர்ந்த சுரம் என்ற இரண்டே சுரத்தில் நிதானமாகப் பாடவேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டவேண்டும். பழகப் பழக மெட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். பக்கவாதத்துக்குப் பின் வாய் அடைபட்டவர் படும் அவமானமும் ஆத்திரமும் கொடியவை. ஒரு வார்த்தை வெளியே வந்தால்கூட அவர் முகம் மாறிவிடும். பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு வீட்டில் தொடங்கலாம்.

பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். கொலராடோவில் மைக்கேல் தாட்டின் குழு, தாளத்துக்கு ஏற்ப நடக்கும் பயிற்சியை மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தது. நடைவேகம் 25 சதவீதம் கூடியதாக 1996-இல் அறிவித்தார்கள். தட்டுத்தடுமாறும் காலுக்கு அடுத்த அடி எப்போது என்பதைத் தாளம் வெளியிலிருந்து சொல்கிறது. ஏற்றம் இறைத்தவர்கள் எண்ணிக்கையைப் பாட்டாகப் பாடியதும், நடவுப் பெண்கள் குலவையிட்டுப் பாடி நாற்று நட்டதும் இதே காரணத்துக்காகத்தான். நோயாளி பயிற்சி செய்யும்போது விழாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கட்டாயம் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு இயர்போனில் மெல்லிய இசை போட்டுக்கொள்ள அனுமதி கேட்பதும் நல்லதே. 2015-இல் 'லான்செட்' இதழில், 73 ஆய்வுகளையும் கிட்டத்தட்ட 7,000 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வெளியானது. இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மாத்திரைத் தேவையும் குறைந்தது. இங்கே மட்டும், எந்த இசை என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

எங்கே நிறுத்தவேண்டும்

எல்லாப் பாட்டும் எல்லாருக்கும் இதமாக இருக்காது. விபத்து நடந்தபோது காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு, பிரிந்துபோன கணவர் கல்யாணத்தன்று போடச்சொன்ன பாட்டு போன்றவை வருடங்கள் கழிந்தபின்னும் உடம்பை நடுங்கவைக்கும். போரையும் குண்டுவெடிப்பையும் பார்த்தவர்களுக்குத் திடீரென்று ஓங்கி ஒலிக்கும் தாளவாத்தியமே போதும். அவர்களை 'பழகிக்கொள்' என்று வற்புறுத்தக் கூடாது. எது வேண்டாம் என்று அவர்கள் சொல்வதே பட்டியலின் முதல் பக்கம்.

காதும் முக்கியம். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஹெட்போன் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை என்றால் ஒலியைக் குறைக்கவேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மருத்துவரைப் பார்க்கவேண்டிய நிலை. எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாட்டை நம்பச் சொல்கிறவர்களிடமிருந்து விலகியிருக்கவேண்டும். இசைச் சிகிச்சை என்று பலகை மாட்டியிருப்பவரிடம், எங்கே படித்தீர்கள், எந்த மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. முறையான கல்வி இங்கேயும் இருக்கிறது. புதுச்சேரியின் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இதற்கெனத் தனி மையம் நடக்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்துவிட்டால் பாட்டுத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

அம்மாவின் பாட்டு, அப்பாவின் பாட்டு

கிளைவ் வேரிங் என்ற ஆங்கிலேய இசைஞருக்கு 1985-இல் மூளையில் வைரஸ் தொற்று ஏற்பட்டது. அதன்பின் அவரது நினைவு சில நொடிகளுக்கு மேல் நிற்பதில்லை. அறையை விட்டு வெளியே போய்த் திரும்பிய மனைவி டெபோராவை, பல ஆண்டு கழித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு முறையும் கட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவர் பியானோ முன் உட்கார்ந்தால் வாசிப்பார். பாடகர் குழுவை நடத்துவார். எங்கே இருக்கிறோம், இன்று என்ன நாள் என்று தெரியாதவரின் கை, அடுத்த சுரம் எது என்பதை மறக்கவில்லை. நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் மூளைப்பகுதி வேறு, பழகிய இசையைக் காக்கும் பகுதிகள் வேறு என்பதால் இது நேர்கிறது.

மறதிநோய் வந்த முதியவர்களுக்கும் பழைய பாட்டு பல நேரம் கடைசிவரை கூடவே இருக்கிறது. மகளின் பெயர் மறந்த தாய், பாட்டின் அடுத்த அடியைத் தானாக எடுத்துக்கொடுப்பார். குளிக்க மறுத்து முரண்டு பிடிப்பவரை, பிடித்த பாட்டை முனகிக்கொண்டே அழைத்துப்போகலாம். மாலை மங்கும் நேரத்தில் காரணம் தெரியாமல் தவிப்பவருக்கு, தவிப்பு தொடங்குவதற்கு அரைமணி முன்பே பாட்டைப் போட்டுவைக்கலாம். சத்தம் குறைவாக, டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து. முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடவேண்டும்.

எந்தப் பாட்டு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பத்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் நடுவில் கேட்ட பாட்டுகளே மனிதருக்குள் ஆழமாகப் பதிகின்றன. 1945-இல் பிறந்தவருக்கு அது இலங்கை வானொலியில் கேட்ட விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலம். 1960-இல் பிறந்தவருக்கு 'அன்னக்கிளி' வந்த 1976-இல் பதினாறு வயது. 1977-இல் பிறந்தவர் 'ரோஜா'வைக் கேட்டது பதினைந்தில். ஆனால் கணக்கு உத்தேசம்தான். அப்பா சைக்கிளில் போகும்போது முணுமுணுத்தது எது, அம்மா சமைக்கும்போது பாடியது எது, அவர்களுடைய அம்மா அவர்களைத் தூங்கவைக்கப் பாடியது எது என்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. நாகூர் ஹனிபாவா, சீர்காழியா, கூத்துப் பாட்டா, பள்ளிக்கூடப் பிரார்த்தனையா என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

மறதி வந்தபின் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். ஆளுக்கு இருபது பாட்டு. பாட்டின் பெயரோடு, அதை எங்கே, யாரோடு கேட்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, அடுத்த பக்கத்தில் உங்களுடையதையும் எழுதச் சொல்லுங்கள்.